ஏழரைக் கட்டையில் நாலு பேர்: சிம்ப்சன்ஸின் இசை எபிசோடைத் துருவிப் பார்ப்பது எப்படி

கடலூரிலிருந்து அக்கா மகன் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி புதுச்சேரிக்கு வந்திருந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவனுக்கு சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் ஒரு எபிசோடு போட்டுக் காட்டினேன். இருபத்திச் சொச்சம் நிமிடம்தான். நான் பதினைந்து இடத்திலாவது சிரித்திருப்பேன். அவன் மூன்று இடத்தில். முடிந்ததும் கேட்டான்: "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா கடைசியில கார்ல போறவர் ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஏன் அப்படிச் சிரிச்சீங்க? யார் அவரு?"

காரில் போனவர் ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் குழுவின் கிடார் கலைஞர். தன் வேடத்துக்குத் தானே குரல் கொடுத்திருக்கிறார். இது தெரியாவிட்டால் அந்தக் காட்சியில் ஒன்றும் இல்லை, தெரிந்தால் அதுதான் மொத்த எபிசோடின் உச்சம். இந்த மாதிரி இடங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவனுக்கு நான் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை என்பவர்களும் பின்தொடரலாம்.

முதலில் எந்த எபிசோடு என்று சொல்லிவிடுகிறேன். சிம்ப்சன்ஸ், ஐந்தாம் சீசன், முதல் எபிசோடு. பெயர் "ஹோமர்ஸ் பார்பர்ஷாப் குவார்டெட்". அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 1993 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஜெஃப் மார்ட்டின், இயக்கியவர் மார்க் கிர்க்லாண்ட். கதை இவ்வளவுதான்: பழைய சாமான் சந்தையில் ஒரு இசைத்தட்டு கிடைக்கிறது. அதன் உறையில் அப்பா ஹோமரின் படம்! பிள்ளைகள் பார்ட்டும் லிசாவும் வாய்பிளக்க, 1985இல் தான் நாலு பேர் பாடும் ஒரு குழுவில் இருந்து, உலகப் புகழ் பெற்று, பிறகு பிரிந்த கதையை ஹோமர் சொல்கிறார். அந்தக் கதைக்கு அடியில் தாள் வைத்து நகலெடுத்த மாதிரி பீட்டில்ஸின் வரலாறு ஓடுகிறது.

நமக்கு இந்த வகைக் கிண்டல் புதிதில்லை. லொள்ளு சபா பார்த்தவர்கள் நாம். ஆனால் லொள்ளு சபாவில் எந்தப் படத்தைக் கிண்டலடிக்கிறார்கள் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: நிறுத்தாமல் ஒருமுறை

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க உட்காராதீர்கள். பரீட்சைக்குப் படித்த மாதிரி ஆகிவிடும். முதல் தடவை கதையாகவே பாருங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

தாளில் எதைக் குறிப்பது? சிரிப்பு வந்த இடத்தை இல்லை. "இது எதுக்கு இங்க?" என்று தோன்றுகிற இடத்தைக் குறியுங்கள். இருபது நிமிடக் கார்ட்டூனில் ஒரு நொடிக்கும் காசு இருக்கிறது. கதைக்குத் தேவையில்லாத ஒரு வசனமோ எண்ணோ பெயரோ வந்தால், யாரோ அதை வேண்டுமென்று வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அக்கா மகன் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியது இது: "முகமூடியில நம்பர் ஏன்? எட்டு எட்டுன்னு ஏன் சொல்லுது? தண்ணி மேல நடக்குறாங்க. தொப்பியில பழம். மொட்டை மாடி." ஐந்தும் சரியான இடங்கள். பீட்டில்ஸ் பற்றி ஒன்றும் தெரியாத பையன் எழுதியது.

இன்னொரு விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பழைய சிம்ப்சன்ஸ் எபிசோடுகள் பழைய டிவிக்காக, கிட்டத்தட்டச் சதுரமான 4:3 அளவில் வரைந்தவை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது அவற்றை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். ஓரத்தில் இருந்த பல பட நகைச்சுவைகள் காணாமல் போயின. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதம் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். நீங்கள் எந்தத் தளத்தில் பார்த்தாலும் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்லது, முழுப் படமும் இருக்கிறது. போனில் பார்க்க வேண்டாம். நிறுத்தினால் பொத்தான்கள் வந்து பாதிப் படத்தை மறைக்கும். மடிக்கணினி உத்தமம். டிவிடி இருந்தால் இன்னும் வசதி, விஎல்சி பிளேயரில் ஆங்கில "இ" விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சட்டகமாக நகரும்.

இரண்டாம் படி: அரை மணி நேர வீட்டுப்பாடம்

பீட்டில்ஸ் பற்றிச் சில விஷயம் தெரிந்தால் இந்த எபிசோடுக்குப் போதும். புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக் குழு அது. கேவர்ன் கிளப் என்ற நிலவறை மாதிரியான இடத்தில் பாடிக்கொண்டிருந்தவர்களை 1961 நவம்பர் 9 அன்று பிரையன் எப்ஸ்டீன் பார்த்தார். பிறகு அவரே மேலாளரானார். 1962 ஆகஸ்ட் 16 அன்று டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். அடுத்த வாரமே, ஆகஸ்ட் 23 அன்று, ஜான் லெனன் சிந்தியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ரசிகைகள் மனசு உடைந்துவிடக் கூடாதென்று அதை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1964 ஜனவரியில் "மீட் த பீட்டில்ஸ்!" ஆல்பம் அமெரிக்காவில் வந்தது. பிப்ரவரி 7 அன்று நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கிப் பத்திரிகையாளர்களிடம் குறும்பாகப் பதில் சொன்னார்கள். 1966 மார்ச்சில் லெனன் ஒரு பேட்டியில், இயேசுவைவிடத் தாங்கள் பிரபலம் என்ற பொருளில் பேசி வம்பில் மாட்டினார். 1968 நவம்பரில் வெள்ளை உறை போட்ட இரட்டை ஆல்பம். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் ஒரு மொட்டை மாடியில் கடைசியாக மக்கள் முன்னால் சேர்ந்து வாசித்தார்கள். அதே வருடம் சாலையைக் கடக்கும் படத்தோடு "ஆபி ரோடு" வந்தது.

தேதி நினைவில் நிற்காதவர்களுக்குப் புதுச்சேரிக்காரனாக ஒரு வழி சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16 என்ன நாள்? பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்த நாள். வருடா வருடம் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்களே, அதே நாள். கீழூரில் 1954இல் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். லிவர்பூலில் பீட் பெஸ்டுக்கு அப்படி வாக்கெடுப்பெல்லாம் நடக்கவில்லை. எப்ஸ்டீன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதே போல, பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்குத் தியானம் கற்க வந்தது 1968 பிப்ரவரி. ஆரோவில் தொடங்கியதும் அந்த மாதம் 28ஆம் தேதி. வெள்ளை ஆல்பத்தின் பாதிக்கு மேல் ரிஷிகேஷில் எழுதியது.

மூன்றாம் படி: சந்தையில் நின்று பாருங்கள்

இனி நிறுத்தி நிறுத்தி. முதல் காட்சி பழைய சாமான் சந்தை. நம் காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டில் வேண்டாததை எல்லாரும் கொண்டுவந்து விற்பது.

ஹோமர் ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். எதை எடுத்தாலும் ஐந்து சென்ட். குப்பை, குப்பை என்று தூக்கிப் போடுகிறார். போடுவதை நிறுத்திப் பாருங்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் ஒன்று. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938ஆம் வருட காமிக்ஸ் ஒன்று. ஸ்ட்ராடிவேரியஸ் வயலின், அதன் பெயரைக்கூட அவரால் சரியாகப் படிக்க முடிவதில்லை. அப்புறம் ஒரு தாள் நிறையத் தபால்தலை: விமானம் தலைகீழாக இருக்கிறதே என்று வீசுகிறார். 1918இல் அச்சுப் பிழையாகி விமானம் கவிழ்ந்த 24 சென்ட் தபால்தலை அது. வெளியே வந்தது ஒரே ஒரு தாள், 100 தலைகள். தபால்தலை சேகரிப்பவர்களுக்குக் கனவு.

அக்கா மகன் இந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். காரணம் உண்டு. சில வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய சாமான் கடையில் பீட்டில்ஸ் இசைத்தட்டு என்று பேரம் பேசி வாங்கி வந்தேன். உறையில் நாலு வெள்ளைக்காரர்கள். வீட்டில் பிரித்தால் உள்ளே முருகன் பக்திப் பாடல் தட்டு. திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. நல்ல பாட்டுகள்தான்.

சந்தையிலேயே இன்னொன்று இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் ஒரு இரும்பு முகமூடியைப் பார்த்து வியட்நாம் போர்க் கைதியாக இருந்த நாட்களை நினைக்கிறார். அதில் உள்ள கைதி எண் 24601. இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பீட்டில்ஸுக்கும் இல்லை. விக்டர் ஹியூகோ 1862இல் எழுதிய "லே மிசராப்ள்" நாவலில் ரொட்டி திருடிச் சிறை போன ழான் வல்ழானின் எண் அது. நம்மில் பலருக்கு இந்தக் கதை வேறு பெயரில் தெரியும். இதே புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருடம் இருந்த சுத்தானந்த பாரதியார் அதைத் தமிழில் "ஏழை படும் பாடு" என்று தந்தார். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. கைதியைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன்தான் பிறகு காலம் முழுக்க ஜாவர் சீதாராமன் ஆனார். ஒரு கார்ட்டூன் முகமூடியில் இருந்த ஐந்து இலக்கம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். இதைச் சொன்னபோது அக்கா மகனைவிட, அடுப்படியில் இருந்த என் அம்மாதான் அதிகம் சந்தோஷப்பட்டார். "நாகையா படமா?" என்று கரண்டியோடு வந்துவிட்டார்.

நாலாம் படி: பெயரைப் படிக்காதீர்கள், கேளுங்கள்

குழுவின் பெயர் "பி ஷார்ப்ஸ்". சப்டைட்டிலில் பார்த்தால் "கூர்மையாக இரு" என்கிற மாதிரி எழுத்துக்கூட்டல் இருக்கும். காதால் கேட்டால் பி என்ற சுரத்துக்கு அரைப் படி மேல். பீட்டில்ஸ் என்ற பெயரும் இதே விளையாட்டுதான். வண்டு என்ற சொல்லில் ஒரு எழுத்தை மாற்றித் தாளம் என்ற பொருள் வரவைத்தது. கேட்டவுடன் சிரிப்பு வர வேண்டும், கேட்கக் கேட்கச் சிரிப்பு குறைந்துகொண்டே போக வேண்டும், அப்படிப்பட்ட பெயர்தான் தங்களுக்கு வேண்டும் என்று கூடிப் பேசி இதை எடுக்கிறார்கள்.

ஆனால் பி ஷார்ப் என்பதில் என்ன வேடிக்கை? இதற்கு ஒரு ஆர்மோனியமோ கீபோர்டோ வேண்டும். எங்கள் வீட்டில் தூசி படிந்த கேசியோ ஒன்று இருந்தது, துடைத்து எடுத்தோம். நம் பாடகர்கள் கட்டை கணக்கு சொல்வார்களே, அதன்படி சி என்பது ஒரு கட்டை. அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை. டி இரண்டு, இப்படியே போய் ஏ ஆறு, அடுத்த கறுப்பு ஆறரை, பி ஏழு கட்டை. சரி, பி ஷார்ப் என்றால் ஏழுக்கு அரை மேல். எத்தனை?

"ஏழரை!" என்றான்.

"அமுக்கு பார்க்கலாம்."

விரல் கறுப்புக் கட்டையைத் தேடியது. அங்கே கறுப்பே கிடையாது. ஏழுக்கு அடுத்து நேராக மேல் ஒண்ணுதான், வெள்ளை. மூன்றரையும் ஏழரையும் ஆர்மோனியப் பெட்டியில் இல்லாத கட்டைகள். அதாவது இல்லாத ஒரு சுரத்தின் பெயரை வைத்துக்கொண்டு உலகப் புகழ் அடைகிறது இந்தக் குழு. அதுவும் ஏழரை! ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு நிச்சயம் இது தெரிந்திருக்காது, ஆனால் தமிழில் இந்தப் பெயரை இதைவிடப் பொருத்தமாக மாற்ற முடியாது. நாலு பேர் கூடிப் பாட ஆரம்பித்து ஏழரையைக் கூட்டிக்கொண்ட கதைதானே இது.

பார்பர்ஷாப் பற்றியும் ரெண்டு வார்த்தை. வாத்தியம் இல்லாமல் நாலு ஆண் குரல் ஒத்துப் பாடும் அமெரிக்க முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. நம் ஊர் சலூனில் ரேடியோ பாடும், அங்கே முடி வெட்ட வந்தவர்களே பாடினார்கள். மெட்டு பாடுபவர் மேல் குரல் இல்லை, மேலிருந்து இரண்டாவது. அவருக்கு மேலே டெனர், கீழே பேரிட்டோன், அடியில் பேஸ். இங்குள்ள சர்ச்சான சம்பா கோவிலின் கொயரில் பாடிப் பழகியவர்கள் காதுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அங்கே மெட்டு பெரும்பாலும் உச்சிக் குரலில் இருக்கும். எபிசோடில் நாலு பேரும் சேர்ந்து பாடத் தொடங்கும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். பேசும் குரலும் பாடும் குரலும் வேறாக இருக்கும். பாடும் பகுதிகளுக்கு டிஸ்னிலாண்டில் பாடும் டாப்பர் டான்ஸ் என்ற நிஜ பார்பர்ஷாப் குழு குரல் கொடுத்திருக்கிறது.

ஐந்தாம் படி: யார் யார் என்று கோடு போடாதீர்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு இது. ஹோமர்தான் லெனன், பார்னிதான் ரிங்கோ என்று அம்புக்குறி போட்டுவிடுவார்கள். பத்து நிமிடத்தில் அது இடிந்துவிடும்.

குழுவின் முதல் நாலு பேர் ஹோமர், ஸ்கின்னர், கடைக்காரர் அப்பு, போலீஸ் தலைவர் விக்கம். மேலாளர் வந்து விக்கம் வேண்டாம் என்கிறார். அவரைக் காட்டில் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அதாவது விக்கம்தான் பீட் பெஸ்ட். பதிலுக்கு வருபவர் குடிகார பார்னி, மோ என்பவரின் மதுக்கடைக் கழிப்பறைக்குள் தேவகானமாகப் பாடிக்கொண்டிருந்தவர். அவர் மேடையேறியதும் கூட்டம் "விக்கம் எப்போதும், பார்னி ஒருபோதும் இல்லை" என்ற பொருளில் கோஷம் போடுகிறது. இதுவும் நிஜம்தான். 1962இல் கேவர்ன் ரசிகர்கள் பீட்டுக்காகவும் ரிங்கோவுக்கு எதிராகவும் அதே வாக்கியத்தைக் கத்தினார்கள், பெயர்கள் மட்டும் வேறு.

ஆக பார்னி ரிங்கோ. சரி, கொஞ்ச நேரம் பொறுங்கள். குழு புகழடைந்ததும் அதே பார்னி தாடி வளர்த்து, கறுப்புச் சட்டை மாட்டி, ஜப்பானியக் கலைஞர் ஒருவரைக் காதலியாகக் கூட்டி வருகிறார். அந்தப் பெண் மோ கடையில் கேட்பது: ஒரே ஒரு பிளம் பழம், வாசனைத் திரவியத்தில் மிதக்கவிட்டு, ஆண்கள் தொப்பியில் ஊற்றித் தர வேண்டும். லெனன் பிறகு மணந்த ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவின் கலைப் பாணி மீதான கிண்டல். அப்படியானால் இப்போது பார்னி லெனன். மனைவி இருப்பதை ரசிகர்களிடம் மறைக்கச் சொல்லும் பகுதியில் ஹோமர் லெனன். பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆளைப் பிடிக்காமல் சம்பவத்தைப் பிடியுங்கள்.

அந்தக் காதலியும் பார்னியும் ஒலிப்பதிவுக் கூடத்தில் போடும் நாடாதான் அக்கா மகன் கேட்ட "எட்டு". ஒரு பெண் குரல் "எட்டாம் எண்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, நடுவில் பார்னியின் ஏப்பம். வெள்ளை ஆல்பத்தில் "ரெவல்யூஷன் 9" என்று எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலிக்கலவை ஒன்று உண்டு, அதில் ஒரு ஆண் குரல் "ஒன்பதாம் எண்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு நிமிடம் அதைக் கேட்டுவிட்டு இந்தக் காட்சிக்கு வாருங்கள். முழுதும் கேட்டே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

தண்ணீர் மேல் நடப்பது ஹோமர் குழுவின் இரண்டாம் ஆல்பத்தின் உறை. நாலு பேர் வரிசையாக நடப்பது "ஆபி ரோடு" படம். கால் தண்ணீரில் படாமல் நடப்பது ஆல்பத்தின் பெயருக்கு, அதாவது "பிக்கர் தேன் ஜீசஸ்". லெனனை வம்பில் மாட்டிய பேச்சையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். முதல் ஆல்பம் "மீட் த பி ஷார்ப்ஸ்". அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அப்புவின் புதுப்பெயர்

இதற்கு மட்டும் தனியாக நிற்கிறேன். அப்புவின் குடும்பப் பெயர் நஹசபீமபெட்டிலான். விளம்பரப் பலகையில் அது அடங்காது என்று மாற்றச் சொல்கிறார்கள். அவர் ஆகிவிடுகிறார் அப்பு த பொமார்ஷே.

பொமார்ஷே யார்? "செவில் நகரத்து நாவிதன்" நாடகத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர். முதலில் மேடையேறியது 1775. பார்பர்ஷாப் பாட்டுக்காரருக்கு நாவிதன் நாடகம் எழுதியவர் பெயர். என் கணக்கில் இது ஒளித்து வைத்ததுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. 1881இல் வந்த ஆணைப்படி, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள். ரெனோன்சான் என்போம். பொன்னுத்தம்பி பிள்ளை அப்படித்தான் லபோர்த் ஆனார். கதவு என்று அர்த்தம். இந்த ஊரில் ஒரு தமிழர் பிரெஞ்சுப் பெயரோடு நிற்பது கார்ட்டூன் இல்லை, பக்கத்து வீடு.

அப்பு என்ற முதற்பெயரே சத்யஜித் ரேயின் அப்பு படங்களிலிருந்து எடுத்தது. அவ்வளவு மரியாதையான மூலத்திலிருந்து எடுத்துவிட்டு, பேச்சை ஒரு வெள்ளைக்காரர் குரலில் இந்திய உச்சரிப்புக் கேலியாக ஆக்கியது எனக்கு எப்போதுமே உறுத்தல். குரல் கொடுத்த ஹேங்க் அசேரியா 2020இல் அதை விட்டுவிட்டார். இதையும் தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது.

ஆறாம் படி: கண்டதைச் சோதியுங்கள்

குறிப்பு தேடும் கிறுக்கு பிடித்தால் காணும் இடமெல்லாம் குறிப்பாகத் தெரியும். ஹோமரின் குழு சுதந்திரதேவி சிலை முன்னால் பாடும் காட்சி வருகிறது. பெரிய கூட்டம், திறந்தவெளி. இது 1965இல் பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் பாடியதற்கான குறிப்பு என்று நோட்டில் எழுதி, டீக்கடையில் ஒரு நண்பரிடம் அடித்துச் சொல்லியும் விட்டேன். அவர் கேட்டார்: "சிலைக்கு நூறு வயசுன்னு அதுலயே சொல்றானே?" ஆமாம், 1886இல் திறந்த சிலைக்கு 1986இல் நூற்றாண்டு. கதை நடக்கும் காலத்தை ஒட்டிய நிஜ விழா, அவ்வளவுதான். அன்று டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். மூலச் சம்பவத்தோடு ஒத்துப்போகும் அடையாளம் ஒன்றுதானா, இரண்டாவது உண்டா? தண்ணீர் மேல் நடப்பதில் படமும் ஒத்துப்போகிறது, தலைப்பும் ஒத்துப்போகிறது, அதனால் சந்தேகமில்லை. அந்த வசனத்தை எடுத்துவிட்டால் கதை நொண்டுமா? நொண்டினால் அது வெறும் கதை. நொண்டாமல் ஓடினால் உள்ளே ஏதோ இருக்கலாம்.

எல்லாமே பீட்டில்ஸ் இல்லை என்பதும் இப்படித்தான் பிடிபடும். "பேபி ஆன் போர்ட்" பாட்டு, எண்பதுகளின் நடுவில் அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில் பரவிய, வண்டியில் குழந்தை இருக்கிறது என்று சொல்லும் மஞ்சள் பலகையிலிருந்து வருகிறது. இனி யாரும் வேண்டுமென்றே நம் காரை இடிக்க மாட்டார்கள் என்று ஹோமரின் மனைவி மார்ஜ் அதை வாங்கி வருவாள். ஆட்டோவில் "பிரசவத்திற்கு இலவசம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் பாட்டெழுதினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. கிராமி விருது கிடைக்கும் பிரிவைக் கவனியுங்கள்: சோல், பேச்சு, பார்பர்ஷாப் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விருது. வழங்குபவர் நிஜப் பாடகர் டேவிட் கிராஸ்பி. ஹோமர் அந்த விருதை ஹோட்டல் பணியாளுக்கு டிப்ஸாகக் கொடுக்க, அவர் அதைத் தூக்கி எறிகிறார்.

கடைசியாக, மாடி

விருது விழா விருந்தில் ஜார்ஜ் ஹாரிசன் ஒருமுறை வருவார். தன்னை அறிமுகம் செய்துகொள்வார். ஹோமர் பதறிப்போய் அவர் கையில் இருக்கும் பிரௌனி எங்கே கிடைத்தது என்று கேட்பார். அதை நினைவில் வையுங்கள்.

கதை 1993க்குத் திரும்பியதும் நாலு பேரும் மோ கடை மாடியில் ஏறிப் பாடுகிறார்கள். கீழே ஜனங்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். லண்டன் சாவில் ரோ 3ஆம் எண் கட்டட மாடியில் பீட்டில்ஸ் வாசித்தது 42 நிமிடம், போலீஸ் வந்து முடித்து வைத்தது. இங்கே போலீஸ் விக்கம்! காட்டில் இறக்கிவிட்ட கோபத்தோடு கண்ணீர்ப்புகை கேட்கிறார். அப்போது ஒரு கார் வருகிறது, கண்ணாடி இறங்குகிறது, ஹாரிசன் எட்டிப் பார்க்கிறார். "இது ஏற்கெனவே பண்ணியாச்சு." கண்ணாடி ஏறுகிறது. மாடியில் அதைச் செய்த நாலு பேரில் ஒருவரே வந்து சொல்கிறார். அக்கா மகன் இந்த முறை சோபாவிலிருந்து சரிந்துவிட்டான்.

இன்னும் ஒரு வரி பாக்கி. பாட்டு முடிந்ததும் ஹோமர், தேர்வில் தேறிவிட்டோம் என நம்புவதாக நன்றி சொல்கிறார். 1969 மாடியில் லெனன் சொன்ன கடைசி வாக்கியம் அது. பார்னி விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரித்துவிட்டு, தனக்குப் புரியவில்லை என்கிறார். முதல் தடவை பார்த்த நம் எல்லாரையும் சேர்த்துத்தான்.

குரல் பதிவுக்கு ஹாரிசன் வந்தபோது சுற்றி நின்றவர்கள் பீட்டில்ஸ் கேள்விகளாகவே கேட்க, அவர் அலுப்போடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். தொடரை உருவாக்கிய மாட் கிரோனிங் மட்டும் "வொண்டர்வால் மியூசிக்" பற்றிக் கேட்டிருக்கிறார். முகம் மலர்ந்துவிட்டதாம். ஹாரிசன் தனியாகச் செய்த ஆல்பம் அது, ஒரு பகுதியை 1968இல் பம்பாயில் நம் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார்.

இதை முடித்தவர்கள் அடுத்து இரண்டாம் சீசனில் ரிங்கோ ஸ்டார் வரும் 1991 எபிசோடுக்கும், ஏழாம் சீசனில் பால் மெக்கார்ட்னி வரும் 1995 எபிசோடுக்கும் போகலாம். இரண்டிலும் ஒளித்து வைத்தது குறைவு, கதை கூடுதல்.

ஞாயிறு சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ராத்திரி பத்தரைக்கு போன். "மாமா, மோ கடை போர்டை நிறுத்திப் பார்த்தீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"எப்பவும் மோஸ் டாவர்ன்னு இருக்கும். இவங்க பாட ஆரம்பிச்சப்புறம் ஒரு எழுத்தை மாத்தி மோஸ் கேவர்ன்னு போட்டிருக்கான். நீங்க சொன்னீங்களே அந்த லிவர்பூல் கிளப்பு!"

இத்தனை வருடமாக நான் பார்க்காத பலகை. எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தேன்.